தந்தை அல்லது கணவர் பெயர்

மணிவேலுக்குக் காலியான கட்டத்தைக் கண்டால் ஆகாது. வங்கிச் சலானாகட்டும், பிள்ளையின் பள்ளிக்கூட டைரியாகட்டும், ஒரு கட்டம் வெறுமனே கிடந்தால் அதில் எதையாவது எழுதி நிரப்பிவிட்டுத்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் அது. இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து நல்லதைத் தனியாகவும் கழிவைத் தனியாகவும் பிரிக்கிற வேலை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு உண்டு. சீட்டில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் சூப்பர்வைசர் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கம்பெனியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் மட்டும் இன்னும் மணிவேலின் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

சொந்த ஊர் சாமல்பட்டி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய் இவரை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்க வைத்தார்கள். மகன் வெயிலில் நிற்காமல் சம்பளம் வாங்குகிறான் என்பதே அவர்களுக்குப் போதும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அப்படி என்னதான் செய்கிறான் என்று அவர்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இவருக்கு விளக்கிச் சொல்ல வந்திருக்காது.

இப்போது வேலை ஓசூரில், பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். பழைய ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற சின்ன கம்பெனி. முதலாளி பாலாஜி வீட்டில் தெலுங்கு பேசுவார், பெங்களூர் வாடிக்கையாளர்களிடம் கன்னடம் பேசுவார், ஆட்களைத் திட்ட மட்டும் தமிழை வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. பத்து மணிக்குக் கீழே பஃப்ஸ் வெந்து வாசனை மேலே ஏறும்போது அவரே இறங்கிப் போய் எல்லோருக்கும் வாங்கிவருவார்.

அந்தக் கம்பெனிக்குத்தான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு வேலை வந்தது. தேர்வுப் பிரிவில் இருந்த பழைய சாஃப்ட்வேரில், இத்தனை வருஷமாக டாக்டர் பட்டம் வாங்கியவர்களின் விவரமெல்லாம் கிடந்தது. பெயர், தலைப்பு, வழிகாட்டி, துறை, வருஷம் எல்லாவற்றையும் எடுத்து, யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கிற டிஜிட்டல் களஞ்சியத்துக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆய்வேடுகளை வேறு ஆட்கள் முன்னமே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒட்ட வேண்டிய விவரம்தான் மணிவேலின் பொறுப்பு.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, சர்நேம் என்ற குடும்பப்பெயர்க் கட்டம் வரும்வரை. வெளிநாட்டில் செய்த சாஃப்ட்வேர் அது. ஆளுக்கு ஒரு சர்நேம் இருந்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தது. நம் ஊரில் சர்நேமுக்கு எங்கே போவது? முன்னால் ஓர் எழுத்து இனிஷியல், பின்னால் ஒரு பெயர், அத்தோடு தீர்ந்தது கதை. ஆனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வரி முழுக்கச் சிவப்பாகிவிடும். ஆயிரக்கணக்கில் சிவப்பு வரிகள். மணிவேலுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பழைய சாஃப்ட்வேரில் ஒரு பத்தி கண்ணில் பட்டது. 'தந்தை / கணவர் பெயர்' என்று அதன் தலையில் போட்டிருந்தது. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அது நிரம்பியிருந்தது. அப்படியே எடுத்து சர்நேமில் போடும்படி ஒரு ஃபார்முலா எழுதி எண்டரைத் தட்டினார். சிவப்பெல்லாம் பச்சையாகிவிட்டது.

"மணி, நீ மனுசனே இல்லப்பா, மிஷினு!" என்று பாலாஜி முதுகில் தட்டினார். அன்றைக்குப் பஃப்ஸோடு கேக்கும் வந்தது.

ஆண்களுக்கு அப்பா பெயர் வந்து உட்கார்ந்தது. பெண்களுக்கு? சேரும்போது யார் பெயரை எழுதிக் கொடுத்தார்களோ அது. சிலருக்கு அப்பா, சிலருக்குக் கணவர். மணிவேல் அதை யோசித்தாரா என்று கேட்டால், இல்லை, யோசிக்கவே இல்லை. பச்சையைப் பார்த்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போய்விட்டார். பல்கலைக்கழக நூலகமும் மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது. துணைவேந்தர் கையால் திறப்பு விழா என்று தேதியும் குறித்தார்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாடிப்படி ஏறி ஒரு பெண் வந்தார். காட்டன் புடவை, தோளில் கனமான பை, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன், பெயர் சுவேதா என்றார். நூலகத்தில் கேட்டதற்கு இந்த முகவரியைக் கொடுத்தார்களாம்.

"இத யாருங்க பண்ணது?" என்று போனை நீட்டினார்.

களஞ்சியத்தைச் சோதித்துப் பார்க்க முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார்கள். அதில் அவருடைய ஆய்வேடு இருந்தது. பசுமைக்குடில் ரோஜாத் தோட்ட மண்ணில் பூச்சிமருந்து எவ்வளவு காலம் தங்குகிறது என்பது தலைப்பு. அதற்கு மேலே எழுதியவர் பெயர்: ஆனந்தராஜ், சுவேதா.

"நான்தாங்க மேடம். ஏன், தலைப்புல ஏதாச்சும் தப்பா?"

"தலைப்புல ஒண்ணுமில்ல. ஆனந்தராஜ் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உங்க... வூட்டுக்காரருங்களா?"

"இருந்தாரு."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆய்வில் சேரும்போது கல்யாணமான புதுசு, அப்போது எழுதிக் கொடுத்த பெயர் அது. பாதியிலேயே அந்த ஆளை விட்டு வந்துவிட்டார். அடி வாங்கிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? கோர்ட்டுக்கும் ஆய்வுக்கூடத்துக்குமாக அலைந்து, கோர்ட்டில் விடுதலையும் இங்கே பட்டமும் வாங்கினார். பழைய சாஃப்ட்வேரில் மட்டும் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை.

"இத அந்த ஆளே கூகுள்ல பார்த்து எடுத்து எனக்கு அனுப்பியிருக்காரு. எனக்கு மட்டுமில்ல, சொந்தக்காரங்க குரூப்புக்கே அனுப்பியிருக்காரு. கீழ என்னா எழுதியிருக்கார்னு படிங்க."

மணிவேல் படித்தார். 'டாக்டர் ஆனாலும் எம் பேருக்குப் பின்னாலதான் நிக்கிற.' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

"எங்கம்மா பேரு சாந்தம்மா. தளிப் பக்கம் ரோஸ் கம்பெனில பூ வெட்டித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. முள்ளு குத்தி குத்தி கையெல்லாம் காய்ச்சுப் போச்சு. அப்பா இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனாலதான் பட்டத்துல அம்மா எழுத்தப் போடுங்கன்னு போராடி வாங்கினேன். முதல் பக்கத்தத் தொறந்து பாருங்க சார்."

திறந்தார். சா. சுவேதா என்று பெரிய எழுத்தில் இருந்தது. இத்தனை நாளில் மணிவேல் ஒரே ஒரு ஆய்வேட்டைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. பத்தியில் இருந்ததைப் பத்தியில் போட்டார், அவ்வளவுதான் அவர் செய்த வேலை.

"ஒரு நிமிசம் இருங்க மேடம், இப்பவே மாத்திடறேன்" என்று தட்டினார். மாறவில்லை. ஒப்புதல் ஆன பிறகு திருத்தும் உரிமை நூலகத்துக்குப் போய்விட்டிருந்தது. நூலகத்தில் இதைக் கவனிக்கிற சென்னகிருஷ்ணனுக்குப் போன் போட்டு, சுவேதாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

சென்னகிருஷ்ணன் பொறுமையாகத்தான் பேசினார். "பேரு மாத்தணும்னா அதுக்கு ஒரு நடைமுறை இருக்குங்க. மேடம் ஒரு மனு எழுதிக் கொடுக்கட்டும். கூடவே விவாகரத்து ஆர்டர் நகல் ஒண்ணு வெக்கட்டும். கமிட்டிக்கு அனுப்பி மாத்திடலாம்."

"எத்தினி நாள் ஆவுங்க சார்?"

"விழா முடிஞ்சு பார்க்கலாம்."

விழா முடிந்தால் என்ன நடக்கும் என்று மணிவேலுக்குத் தெரியும். களஞ்சியம் திறந்த கையோடு விவரமெல்லாம் நாட்டின் மற்ற பெரிய தளங்களுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் இங்கே திருத்தினாலும் அங்கெல்லாம் அந்த ஆளின் பெயரே நின்றுகொண்டிருக்கும். அதை சுவேதாவிடம் மறைக்காமல் சொன்னார்.

சுவேதா போனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "ஆய்வேட்டுல நான் போடாத பேர எடுக்கறதுக்கு நான் எதுக்கு சார் கோர்ட்டு காகிதம் காட்டணும்? என் கதைய இன்னும் எத்தினி பேருக்கு நான் படிச்சிக் காட்டணும்?"

சென்னகிருஷ்ணன் மனுவை அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சுவேதா தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

"நான் வேற ஒண்ணும் கேக்கல சார். அந்தப் பேர எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

பாலாஜி தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பாவம்தான், இல்லேங்கல. சென்னகிருஷ்ணனுக்கு ஒரு மெயில் போட்டு இந்த ஒண்ண மட்டும் எப்டியாச்சும் மாத்தச் சொல்லு. மத்ததக் கிளறாத மணி. நம்ம ரூலே தப்புன்னு நீயே போய் சொன்னா, மொத்த வேலையையும் திருப்பி மூஞ்சில அடிப்பாங்க. அடுத்த வேலை நமக்கு வரவே வராது."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மணிவேல் மெயிலை எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அனுப்பாமலே வீட்டுக்குப் போனார்.

வீடு மூக்கண்டப்பள்ளியில். மனைவி அனிதா செல்போன் பாகங்கள் பொருத்துகிற கம்பெனியில் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். மணிவேல் நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லும்போதே அந்த அட்டை கண்ணில் பட்டது. ம. அனிதா. ம என்பது இவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் அது வேறு எழுத்து.

"நான் என்னா பண்ணுவேன்? எதையாச்சும் போட்டாத்தான அது ஒத்துக்கும்?" என்றார்.

"எதையாச்சும்னா?" அனிதா நறுக்குவதை நிறுத்தினார். "உங்க பழைய சூப்பர்வைசரு பேரப் போட வேண்டியதுதான? அதுவும் எதையாச்சும்தான?"

"ஏய், சும்மா இரு."

"சும்மா எப்டிங்க இருக்கறது? ஏங்க, அது என்னா இரும்புத் துண்டா, சீட்டு ஒட்டி பொட்டில போடறதுக்கு? எனக்கு உங்க பேரு புடிக்கும். ஆதார்ல நானே போயி ம போடுன்னு சொல்லி மாத்திக்கிட்டேன். கூட வேலை செய்யற சரோஜா இன்னும் அவங்க அப்பா எழுத்ததான் வெச்சிருக்கா, அது அவ இஷ்டம். நீங்க சொல்ற அந்தம்மாவ யாரு கேட்டா? அவங்க புத்தகத்துலயே எழுதி வெச்சிருக்காங்க, அதையாச்சும் தொறந்து பார்த்தீங்களா?"

மணிவேல் தக்காளியை வாங்கி மீதியைத் தானே நறுக்கினார். இந்த ஒரு பெண் படி ஏறி வந்தார். வராதவர்கள் எத்தனை பேரோ என்று நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறிவிட்டு, பஸ்ஸிலிருந்தே பாலாஜிக்குப் போன் செய்தார். பாலாஜி தமிழில் நெடுநேரம் பேசினார். மணிவேல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றார். பஸ் மட்டும் திரும்பவில்லை.

சென்னகிருஷ்ணன் விழா மேடைக்குப் பூ ஏற்பாடு பேசிக்கொண்டிருந்தார். மணிவேலைப் பார்த்ததும், "மனு கொண்டாந்தீங்களா?" என்றார்.

"மனு வேணாங்க சார். இது அந்தம்மா பேரு மாத்தற விசயமே இல்ல. அவங்க பேரு மாறவே இல்ல. நான்தான் மாத்திட்டேன்."

பத்தியை எடுத்து சர்நேமில் போட்ட கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். சென்னகிருஷ்ணன் கம்ப்யூட்டரைத் திறந்து நாலைந்து பெண்களின் ஆய்வேடுகளை எடுத்துப் பார்த்தார். முதல் பக்கத்தில் ஒரு பெயர், மேலே விவரத்தில் இன்னொரு பெயர்.

"அப்ப பொம்பளைங்க பேரு எல்லாமே இப்டித்தானா?"

"எல்லாமே அப்டித்தாங்க சார்."

"திங்கக்கெழம வி.சி. வர்றாருய்யா! அழைப்பிதழ் அடிச்சாச்சு!" சென்னகிருஷ்ணன் எழுந்தே விட்டார். "இத நான் பார்த்து கையெழுத்து போட்டிருக்கேன்யா, என் தலையில்ல உருளும்?" அப்புறம் கொஞ்சம் தணிந்து, "ஒண்ணு பண்ணலாம். பொம்பளைங்களத எல்லாம் நிறுத்தி வெச்சிட்டு, ஆம்பளைங்களத மட்டும் தொறந்து வெச்சிட்டா..." என்று ஆரம்பித்தார்.

முடிப்பதற்குள் அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "வேணாம். நான் சொன்னத மறந்துடுங்க. என்னா பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

மணிவேல் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தார். சர்நேம் கட்டத்தில் அவரவர் சொந்தப் பெயரையே போட்டுவிடுவது. அடுத்த கட்டத்தில் இனிஷியல். ஆண்களுடையதை ஒரு ஃபார்முலாவில் திருப்பிவிடலாம். பெண்களுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. சேரும்போது ஓர் எழுத்து, முடிக்கும்போது வேறோர் எழுத்து என்று பாதிப் பேருக்கு மாறியிருக்கும். ஒவ்வொரு ஆய்வேட்டையும் திறந்து, முதல் பக்கத்தில் அவர்களே என்ன போட்டிருக்கிறார்களோ அதைத்தான் போட வேண்டும்.

"அத யாரு உக்காந்து பண்றது?"

"நான்தாங்க."

சென்னகிருஷ்ணன் திருத்தும் உரிமையைத் திறந்துவிட்டார். மணிவேல் அங்கேயே நூலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முதல் வேலையாக சுவேதாவின் பெயரை மாற்றினார். தேடலில் புதுப்பெயர் வர இரண்டொரு நாள் ஆகும் என்றார்கள்.

அதற்கப்புறம் ஓசூர் மாடியில் அந்த வாரம் முழுக்க வேறு வேலையே நடக்கவில்லை. பாலாஜி முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள், "தள்ளு, நானும் பார்க்கறேன். உன்ன நம்பினா பொங்கல் வரைக்கும் ஆவும்" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

திறக்கத் திறக்க விதவிதமாக வந்தது. ஒருத்தர் அப்பா எழுத்தையே கடைசிவரை வைத்திருந்தார். ஒருத்தர் கணவர் பெயரை முழுசாகத் தன் பெயருக்குப் பின்னால் போட்டு, முன்னுரையிலும் அவருக்கு ஒரு பக்கம் நன்றி எழுதியிருந்தார். அதை எடுத்தால் அந்த அம்மா சண்டைக்கு வந்துவிடுவார். சிலர் அப்பா எழுத்தும் வேண்டும், கணவர் எழுத்தும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து மாட்டியிருந்தார்கள். இன்னொருத்தர் ஊர்ப் பெயரின் எழுத்தைப் போட்டிருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாரம்மா என்பவர் இனிஷியலே போடவில்லை. வெறும் மாரம்மா.

"இதுக்கு என்னாப்பா போடறது?" என்று பாலாஜி கேட்டார்.

"ஒண்ணும் போடாதீங்க சார். அவங்க போடல."

"ஓகோ! மணிவேலு கட்டத்தக் காலியா வுடறாரு, எல்லாரும் வந்து பாருங்கப்பா!" என்று பாலாஜி மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். மணிவேலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கடைசி ஆய்வேடும் முடிந்தது. சென்னகிருஷ்ணன் ஒரு வரி சரிபார்த்து, இரண்டு வரி சரிபார்த்து, அப்புறம் பத்து பத்தாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். உடனே மணிவேல் சுவேதாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், ஓசூர்லருந்து மணிவேல் பேசறேன். மாத்தியாச்சுங்க. சுவேதா, சா. அப்டின்னுதான் வருது. திங்கக்கெழம வெளிய போறதும் அப்டியேதான் போவும்."

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"கோர்ட்டு காகிதம் எதுவும் வேணாங்க. தப்பு எங்களுது. மன்னிச்சுக்குங்க மேடம்."

"சார், இப்ப கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கீங்களா?"

"இருக்கறேங்க."

"அந்த ஆளு பேரப் போட்டுத் தேடுங்க."

மணிவேல் ஆனந்தராஜ் என்று தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றி நின்றது.

"என்னா வருது?"

"ஒண்ணும் வரல மேடம்."

"அப்டியில்ல சார். அதுல என்னா எழுதியிருக்கோ அப்டியே படிங்க."

"'ஆனந்தராஜ் என்ற பெயரில் எதுவும் கிடைக்கவில்லை'ன்னு போட்டிருக்குங்க."

"இன்னொரு தடவ."

மணிவேல் இன்னொரு தடவை படித்தார். போனில் மூச்சு உடைந்து வந்தது. இந்தத் தடவை சுவேதா அழுதேவிட்டார். அழுகைக்கு நடுவிலேயே, "அம்மா, அடுப்ப அணைச்சிட்டு இங்க வா, சீக்கிரம் வா" என்று யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"சார், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எங்கம்மா பக்கத்துலதான் நிக்கறாங்க. இப்ப படிங்க."

மணிவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சத்தமாகப் படித்தார்.